பதினாறு கோடு

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி சுமாருக்கு, ஃப்ரேசர் டவுனில் சிரில் வீட்டு ஹாலில், தையல்காரி ஜோசஃபின் தான் ஒன்றரை மாதமாகத் தைத்த கல்யாண கவுனைத் தானே இரண்டாக வெட்டினாள்.

இடுப்பில் அரை அங்குலம் பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மணப்பெண் டோரீன் கவுனைக் கழற்றி மேஜைமேல் பரப்பிவிட்டு ஊசி டப்பாவை எடுக்கத் திரும்பினாள். கத்தரிக்கோல் ஓடும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது கழுத்திலிருந்து கீழ் ஓரம் வரை வெள்ளைப் பட்டு இரண்டாகக் கிடந்தது. டோரீன் அலறினாள். ஜோசஃபின் சிரித்தாள். "யாருடி நீ?" என்று டோரீனைப் பார்த்துக் கேட்டாள். நாக்கு குழறியது. ரவிக்கை முழுவதும் வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. நாற்காலியைப் பிடிக்கப் போனவள் பிடி தவறித் தரையில் சாய்ந்தாள்.

டோரீனின் அப்பா சிரில் தபாலாபீஸில் ஹெட் கிளார்க். மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தவர், சைக்கிளை எடுத்துக்கொண்டு தர்மராஜா கோயில் தெருவுக்குப் போனார். அங்கேதான் டாக்டர் அலர்மேல்மங்கையின் டிஸ்பென்சரி இருந்தது. மைசூர் சர்க்கார் உத்தியோகக் குடும்பத்துப் பெண். மதராஸில் படித்துவிட்டு வந்து, ஆண் டாக்டர்களே அதிகம் உட்காராத அந்தத் தெருவில் பதினொரு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். சிரில் வீட்டுப் பிரசவங்களையும் அவள்தான் பார்த்தாள், ஜோசஃபினின் சர்க்கரை வியாதியையும் அவள்தான் பார்த்துவந்தாள்.

"டாக்டரம்மா, அந்த ஜோசஃபின் குடிச்சிட்டு வந்து எம் பொண்ணு கவுன கிழிச்சிப் போட்டுட்டா" என்றார் சிரில் மூச்சு வாங்க. "அடுத்த புதன்கிழம கல்யாணம். இப்ப கீழ வுழுந்து கெடக்குறா. வந்து பாருங்க. பாத்துட்டு நீங்களே போலீசுக்குச் சொல்லுங்க."

"ஜோசஃபினா? குடிச்சாளா?"

"வேர்த்துக் கொட்டுது. என்ன பேசுறான்னு அவளுக்கே தெரியல. வேற என்னவாம்?"

அலர்மேல்மங்கை எழுந்துவிட்டாள். "எத்தன நாழியாச்சு?"

"அரை மணி இருக்கும்."

அவள் குளுகோஸ் ஊசி மருந்தைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் நின்ற ஜட்காவில் ஏறினாள். வண்டி நகரும்போதே சைக்கிளில் கூட வந்த சிரிலிடம், "நீங்க முன்னாடி போங்க. சர்க்கரையத் தண்ணியில கரைச்சு வையுங்க, கெட்டியா" என்றாள். குடிகாரிக்குச் சர்க்கரைத் தண்ணீர் எதற்கு என்று சிரிலுக்கு விளங்கவில்லை. ஆனால் போனார்.

ஜோசஃபின் ஜமக்காளத்தில் கிடந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. பல் கிட்டியிருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் வாயில் இறங்கவில்லை. டாக்டர் கை நரம்பைத் தேடி ஊசி போட்டாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஜோசஃபின் இரண்டு தரம் கண்ணைக் கொட்டினாள். எழுந்து உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுற்றிலும் பார்த்தவள் மேஜையைப் பார்த்தாள்.

"ஐயோ, யேசுவே!" என்றாள். "யாரு இத செஞ்சது?"

டோரீன் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். ஜோசஃபின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு தன் வலது கை விரல்களில் ஒட்டியிருந்த வெள்ளை நூல் பிசிர்களைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தபடியே நின்றது. பதினெட்டு வருஷமாகத் துணி வெட்டிய கை அது. ஒரு அங்குலம் தவறியதில்லை.

டாக்டர் அவளை அதே ஜட்காவில் ஏற்றிக்கொண்டு பிளாக்பள்ளியில் அவள் வீட்டுக்கு வந்தாள். ஒற்றை அறை, ஒரு தையல் மிஷின், மாதா படம், ஸ்பிரிட் விளக்கு. கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக இருந்தவள் ஜோசஃபின். இரண்டு வருஷத்துக்கு முன் இளைத்துத் துரும்பாகி வந்தவளை இன்சுலின்தான் நிமிர்த்தியது. தினமும் டிஸ்பென்சரிக்கு வர முடியாதென்பதால் டாக்டரே அவளுக்கு ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக் கொடுத்தாள். "ஊசி எனக்குப் புதுசா டாக்டரம்மா?" என்று சிரித்துக்கொண்டே முதல் நாளே தொடையில் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சிறுநீர் சொட்டுகளை விட்டுக் காய்ச்சி, நிறம் பார்த்து எழுதி வைக்கச் சொன்னபோது, ஜோசஃபின் எழுதவில்லை. சர்க்கரை இல்லாத நீலமோ, கொஞ்சம் இருக்கும் பச்சையோ, மிஞ்சிய செங்கல் நிறமோ, அதே நிறத்து நூலை ஒரு விரல் நீளம் வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தாள். அலர்மேல்மங்கை அந்த நோட்டை மற்ற டாக்டர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டதுண்டு.

"காலையில என்ன பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"எப்பவும் போலத்தான். ஆறரைக்கு ஊசி. அப்பறம் ரெண்டு கோதும ரொட்டி, ஒரு முட்ட, பால் இல்லாத டீ."

"சாப்பிட்டீங்களா, இல்ல கல்யாண வேலையில விட்டுட்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"ஊசி எவ்வளவு?"

"பதினாறு கோடு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இருட்டுல கூடப் பிடிச்சிருக்கலாம்."

ஜோசஃபின் முகம் சிவந்தது. எழுந்து போய்த் தகர டப்பாவிலிருந்து சிரிஞ்சை எடுத்து வந்து டாக்டர் எதிரே நீட்டினாள். பதினாறாம் கோட்டில் நகத்தை வைத்தாள்.

"இங்க. இந்தக் கோட்டுல. ரெண்டு வருஷமா இதே கோடு. கூட ஒரு மயிரிழை இல்ல, கொறச்சல் ஒரு மயிரிழை இல்ல. நான் டேப்பு புடிக்கிறவ டாக்டரம்மா."

"மருந்து?"

"நேத்து வாங்குனேன். இன்னிக்குக் காலையிலதான் தொறந்தேன்."

அந்தச் சின்ன சீசாவை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அதே அளவு சீசா, அதே ரப்பர் மூடி. லேபிளின் நிறம் மட்டும் வேறு. பொடி எழுத்தில் ஒரு சி.சி.க்கு நாற்பது யூனிட் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. மேலே, இரட்டைச் சக்தி.

அவள் இன்னொரு முறை படித்தாள். இதுவரை அந்தப் பக்கத்து மருந்துக் கடைக்கு வந்ததெல்லாம் இருபது யூனிட் மருந்து. ஒரு கோடு, ஒரு யூனிட். அதனால் மருந்துச் சீட்டில் இன்சுலின் என்று மட்டும் எழுதுவாள், சக்தியைக் குறிப்பிட்டதில்லை. யுத்தத்தினால் கப்பல் தவறி, கிடைத்த மருந்தைக் கடைக்காரர் கொடுத்திருக்கிறார். லேபிளில்தான் எழுதியிருக்கிறதே என்று நினைத்திருப்பார்.

"டாக்டரம்மா, நான் தப்பா போட்டுக்கினேனா?"

"இல்ல." சீசாவைத் தையல் மிஷின்மேல் வைத்தாள். "இல்ல ஜோசஃபின். நான் சொன்னபடியே போட்டுண்டிருக்கேள்." நோயாளிகளிடம் அவள் வீட்டுப் பாஷை பேசுவதில்லை. அன்று அது தானாக வந்தது. "மருந்துதான் வேற. இது ரெண்டு மடங்கு கெட்டி. பதினாறு கோடு பிடிச்சா முப்பத்திரண்டு கோடு மருந்து உள்ள போயிடும்."

ஜோசஃபின் சீசாவைக் கையில் எடுத்தாள்.

"ரெட்ட அகலத் துணி மாதிரி" என்றாள். "ஒத்த அகலம்னா எட்டு கஜம். ரெட்ட அகலம்னா நாலு கஜம் போதும். அப்படித்தான?"

"அப்படித்தான்."

"அப்ப இதுல எட்டு கோடு புடிச்சிருக்கணும்."

டாக்டர் தலையசைத்தாள்.

"இவ்ளோதானா?" ஜோசஃபினின் குரல் உயர்ந்தது. "இவ்ளோதான் விஷயமா? இத ஏன் நீங்க எங்கிட்ட சொல்லல? ரெண்டு வருஷமா வாரா வாரம் வரேன். கோடு கோடுன்னுதான சொன்னீங்க? கெட்டி மருந்து, நீர்த்த மருந்துன்னு ரெண்டு இருக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"குழப்பிடுமோன்னு..." டாக்டர் தயங்கினாள். பிறகு உண்மையைச் சொன்னாள். "உங்களுக்குப் புரியாதுன்னு நினைச்சேன்."

ஜோசஃபின் சிரிஞ்சைத் தகர டப்பாவில் வைத்து மூடினாள்.

"வேர்த்துச்சு" என்றாள். "அவங்க வீட்டுக்குள்ள போறப்பவே வேர்த்துச்சு. கை நடுங்குச்சு. பசி வயித்தக் கிள்ளுச்சு. மேஜ மேல தட்டு நெறைய கேக்கு வெச்சிருந்தாங்க. நீங்க தின்னக்கூடாதுன்னு சொன்னதால நான் அந்தப் பக்கமே திரும்பல."

டாக்டர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். மருந்து மிஞ்சினால் நடுக்கம் வரும், வேர்க்கும், அப்போது உடனே சர்க்கரை சாப்பிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். எந்த நோயாளியிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதையே சாக்காக வைத்துக்கொண்டு இனிப்பு தின்பார்கள் என்று பயம்.

"இந்த ஊசி வேற யாருக்கெல்லாம் டாக்டரம்மா?"

"மூணு பேருக்கு. நீங்க ஒருத்தர். ஸ்கூல் மாஸ்டர் ஷங்கர் ஒருத்தர். அப்புறம்..."

அவள் நிறுத்திவிட்டாள். ஜோசஃபினுக்கும் தெரியும். மூன்றாமவர் அவள் போகும் சர்ச்சைச் சேர்ந்தவர், அவர் அடக்கத்துக்குப் போய்வந்தவள் அவள்.

"டெஸ்மண்ட் சாரு" என்றாள் மெதுவாக. "செவ்வாக்கெழம."

தெருவில் எவனோ பாத்திரத்துக்கு ஈயம் பூச வரச்சொல்லிக் கூவிக்கொண்டு போனான்.

ரயில்வேயில் கார்டாக இருந்து பென்ஷன் வாங்கியவர் டெஸ்மண்ட். அறுபத்திரண்டு வயது. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அழைப்பு வந்து அலர்மேல்மங்கை போனபோது உடம்பு குளிர்ந்துவிட்டிருந்தது. ஏற்கெனவே இருதயம் பலவீனம். சர்டிபிகேட்டில் இருதயம் நின்றுவிட்டது என்று எழுதி, தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்திருந்தாள். புதன்கிழமை கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

முதலில் ஷங்கரின் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினாள். பழைய சீசாவே இன்னும் ஒரு வாரத்துக்கு வரும் என்று பதில் வந்தது. பிறகு குக் டவுனுக்குக் கிளம்பினாள். "நானும் வரேன்" என்று ஜோசஃபின் வண்டியில் ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல டாக்டருக்குத் தெம்பில்லை.

கதவைத் திறந்தது டெஸ்மண்டின் மனைவி பிரிஜெட். கறுப்புச் சேலை. டாக்டரைக் கண்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க டாக்டரம்மா. கடைசி வரைக்கும் நல்லா பாத்தீங்க. அவருக்கு உங்க மேல அவ்ளோ நம்பிக்க."

"பிரிஜெட்டம்மா, அவர் மருந்து எங்க இருக்கு?"

அலமாரியின் மேல்தட்டில், மெழுகுவர்த்திக் கட்டுக்குப் பக்கத்தில் சீசா இருந்தது. டாக்டர் கை நீட்டி எடுத்துத் திருப்பினாள். அதே லேபிள். ஊசி மூன்று முறைதான் இறங்கியிருக்கும், முக்கால் சீசா மருந்து அப்படியே இருந்தது.

"இத எப்ப திறந்தார்?"

"ஞாயித்துக்கெழம. பூசைக்குப் போறதுக்கு முன்னாடி." பிரிஜெட் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன்? என்ன?"

டாக்டர் நின்றபடியே சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. மருந்து இரட்டைச் சக்தி. கோடு எண்ணத்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன், லேபிளைப் பார்க்கச் சொல்லவில்லை. சீட்டிலும் நான் எழுதவில்லை. இருதயம் என்று எழுதினது தப்பு. கடைசி வரை சொன்னாள்.

பிரிஜெட் அழவில்லை. யாரிடமோ பேசுகிறவள்போல் ஆரம்பித்தாள்.

"செவ்வாக்கெழம காலையில என்னக் கூப்பிட்டாரு. 'பிரிஜெட், கண்ணு மங்குது. கொஞ்சூண்டு சக்கர குடு'ன்னாரு. சின்னப் புள்ள மாதிரி கையப் புடிச்சிக்கினு கேட்டாரு. நான் குடுக்கல."

டாக்டர் சீசாவை அலமாரியில் திருப்பி வைத்தாள்.

"சக்கர டப்பாவ பூட்டி வெச்சேன். சாவிய இடுப்புல சொருகிக்கினேன். நீங்கதான சொன்னீங்க டாக்டரம்மா, கெஞ்சுவாரு, குடுத்துடாதீங்கன்னு? திட்டுனேன். அப்பறம் படுத்தாரு. தூங்குறாரு, எழுப்ப வேணாம்னு சத்தமில்லாம சமையல் பண்ணிக்கினு இருந்தேன்."

அலர்மேல்மங்கை பதினொரு வருஷத்தில் எத்தனையோ சாவுகளைப் பார்த்தவள். காலரா வருஷத்தில் ஒரே நாளில் ஆறு பேர். எதிலும் கலங்கியதில்லை. இப்போது அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெருமாளே" என்றாள். "பிரிஜெட்டம்மா, அது உங்க தப்பில்ல. நான் சொன்னதச் செஞ்சீங்க. நான் பாதிதான் சொன்னேன்."

பிரிஜெட் ஜோசஃபின் பக்கம் திரும்பினாள். "உனக்கும் இதே மருந்தா?"

"ஆமாக்கா. இன்னிக்குக் காலையில."

"உனக்கு சக்கர குடுத்தாங்களா?"

"ஊசியில குடுத்தாங்க."

"ம்." பிரிஜெட் அலமாரிக் கதவைச் சாத்தினாள். "நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் தனியா இருக்கணும்."

அன்று சாயந்திரமே அலர்மேல்மங்கை மருந்துக் கடைக்குப் போய் மீதியிருந்த சீசாக்களில் சிவப்பு மையால் இரட்டைச் சக்தி என்று பெரிதாகத் தமிழில் எழுதி ஒட்டினாள். மறுநாள் சர்டிபிகேட்டைத் திருத்தும்படி முனிசிபல் ஆபீசுக்குக் கடிதம் எழுதினாள். அங்கிருந்த அதிகாரி அவளுக்குத் தெரிந்தவர். "அடக்கம் பண்ணியாச்சு, எதுக்கும்மா தோண்டறீங்க? உங்க பேருதான் கெடும்" என்றார். அவள் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பேர் கெட்டது. இரண்டு மூன்று குடும்பங்கள் வேறு டாக்டருக்கு மாறின.

சிரில் வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். சிரில் கேட்டுக்கொண்டார். "சரிங்க டாக்டரம்மா, குடியில்லன்னு நம்புறேன்" என்றார். டோரீன் பெரியப்பா மகளின் கவுனை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டாள். ஜோசஃபினைக் கூப்பிடவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு வழக்கமாகத் துணி கொடுப்பவர்களில் பாதிப்பேர் வரவில்லை. குடித்தாள் என்ற பேச்சு ஓடின வேகத்தில் மருந்து மாறின சங்கதி ஓடவில்லை.

கவுன் வெட்டுப்பட்ட வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை காலை டிஸ்பென்சரி திறக்கும் முன்பே ஜோசஃபின் வாசலில் நின்றாள். மூன்று நாளாகத் தானே எட்டுக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நோட்டில் மூன்று நீல நூல்.

"ஒக்காருங்க டாக்டரம்மா" என்றாள், தன் வீடுபோல. "இப்ப எல்லாத்தையும் சொல்லுங்க. எனக்குப் புரியுமா புரியாதான்னு நீங்க பாக்காதீங்க. புரியலன்னா நான் திருப்பிக் கேக்கறேன்."

டாக்டர் சொல்ல ஆரம்பித்தாள். ஜோசஃபின் இடைமறித்துக்கொண்டே இருந்தாள். காய்ச்சல் வந்து சாப்பாடு இறங்காவிட்டால் ஊசி போடலாமா? பெரிய வெள்ளிக்கிழமை ஒருசந்தி நோன்பு இருந்தால் எத்தனை கோடு குறைப்பது? மிஷினை மிதித்து வேலை அதிகமான நாளில் உடம்பு ஏன் வெலவெலக்கிறது? சர்க்கரை என்றால் எவ்வளவு, ஒரு ஸ்பூனா, ஒரு பிடியா? சில கேள்விகளுக்கு அலர்மேல்மங்கைக்கே பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னாள். அதைச் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லாமல் இருந்தது.

"அப்ப ரெண்டு பேரும் பாத்துத் தெரிஞ்சிக்குவோம்" என்றாள் ஜோசஃபின். "ஒருசந்தி அன்னிக்குக் கொஞ்சம் கொறச்சுப் போட்டுக்கினு, காலையில, மத்தியானம், சாயந்திரம் மூணு வேளையும் காய்ச்சிப் பாக்கறேன். நூல ஒட்டிக்கினு வரேன். நீங்க சொல்லுங்க."

நாளாக நாளாகத் தெருவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் அதிகமானார்கள். ஊசி ஆரம்பிக்க வேண்டியவர்களை அலர்மேல்மங்கை சனிக்கிழமை காலையில் வரச்சொல்வாள். ஜோசஃபின் இரண்டு துண்டுத் துணியை மேஜைமேல் விரித்து, ஒற்றை அகலம், இரட்டை அகலம் காட்டுவாள். இருபது, நாற்பது என்ற இலக்கங்களை ஒவ்வொருவரும் லேபிளில் விரல் வைத்துக் காட்டினால்தான் சிரிஞ்சு கையில் கிடைக்கும்.

அடுத்த வருஷம் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, பிரிஜெட் வந்தாள். அலர்மேல்மங்கை அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பிரிஜெட் அவளைப் பார்க்கவில்லை. சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அன்று வந்திருந்தவன் ஒரு பேக்கரித் தொழிலாளி, அவனோடு அவன் மனைவி. ஜோசஃபின் துணியைக் காட்டிச் சொல்லி முடிக்கும்வரை பிரிஜெட் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அந்தப் பெண்ணிடம் போனாள்.

"இந்தாம்மா, இங்க பாரு. இவங்க அவருக்குச் சொல்றாங்க, நீ எங்கயோ பாத்துக்கினு இருக்கே. அவருக்கு மயக்கம் வந்துட்டா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. நீதான் பண்ணணும். புரியுதா? வேர்த்து, நடுங்கி, சக்கர வேணும்னு கேட்டா குடுத்துடு. டாக்டர் திட்டுவாங்கன்னு பயப்படாத. குடுத்துட்டு அப்பறம் வந்து சொல்லு."

அந்தப் பெண் பயந்துபோய் டாக்டரைப் பார்த்தாள்.

"அவங்க சொல்றதுதான் சரி" என்றாள் அலர்மேல்மங்கை. "நான் சொன்னாலும் அதுதான்."

பிரிஜெட் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தனக்கு உடம்பு சரியில்லாதபோது அவள் வேறு டாக்டரிடம்தான் போனாள், கடைசி வரை. ஆனால் ஊசி ஆரம்பிக்க யாராவது வரும் சனிக்கிழமைகளில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, கூட வந்த வீட்டாரிடம் அதையே சொல்லிவிட்டுப் போவாள்.